பழைய டிராக்டரின் கார்புரேட்டர் ஒழுகினால்

உழவு மாடு நொண்டினால், குளம்பில் முள் எங்கே தைத்திருக்கிறது என்று தேடுவோமேயன்றி, உடனே அதனைச் சந்தைக்கு ஓட்டிச் செல்ல மாட்டோம். யந்திரம் என்று வரும்போது மாத்திரம் நம்மில் பலர் வேறு விதமாக நடந்துகொள்கிறோம். எங்கேனும் ஓரிடத்தில் எண்ணெய் ஒழுகக் கண்டவுடன், ‘இது இனி ஆகாது’ என்று தீர்மானித்து விடுகிறோம். அல்லது ஒழுகுகின்ற துவாரத்தில் எதையேனும் வைத்து அடைத்துவிட்டு, நோய் தீர்ந்ததாக எண்ணிக்கொள்கிறோம். முன்னது பொருள் நஷ்டம். பின்னது உயிருக்கே ஆபத்து.

சென்ற கோடையில் நமது ஒன்றியத்தின் மேற்குக் கோடியிலுள்ள ஒரு சிற்றூருக்குப் பண்ணைக் குட்டைப் பணியைப் பார்வையிடச் சென்றிருந்தோம். பணி முடிந்து திரும்புகையில், ஊராட்சி உறுப்பினர் ஒருவர் தம் பெரியப்பாவின் களத்துக்கு நம்மை அழைத்துச் சென்றார். அங்கே ஒரு பழைய டிராக்டர் நிற்கிறதென்றும், அதனைக் காயலான் கடைக்காரருக்கு விலை பேசி முன்பணமும் வாங்கியாகிவிட்டதென்றும், கொடுப்பதற்கு முன் நாம் ஒருமுறை பார்த்துச் சொல்லவேண்டுமென்றும் கூறினார்.

வேப்ப மரத்தடியில் நின்றிருந்தது சாம்பல் நிறமுள்ள சிறிய பெர்குசன் டிராக்டர். இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரை செய்யப்பட்ட வகை அது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவை அங்கிருந்து உலகெங்கும் சென்றன. நம் நாட்டில் ஐஷர் நிறுவனம் 1959இல் பரீதாபாத்தில் டிராக்டர் செய்யத் தொடங்கியது; சென்னையில் டாஃபே நிறுவனம் 1960இல் தோன்றியது. அதற்கு முன்னர் நம் வயல்களில் ஓடிய டிராக்டர்கள் கப்பலில் வந்தவையே. பெரியவரின் தகப்பனார் ஒரு தோட்டக்காரரிடமிருந்து கைமாறி வாங்கிய வண்டியாம். அதில் உழுதுதான் இரண்டு பெண்களுக்குக் கல்யாணம் செய்தார்கள் என்று உறுப்பினர் சொன்னார்.

“ஐயா, ராத்திரி நிறுத்தி வைத்தால் காலையில் டாங்கியில் பாதி இருப்பதில்லை. எத்தனை நாளைக்குத்தான் பெட்ரோலை மண்ணுக்கு வார்ப்பது?” என்றார் பெரியவர்.

நாம் குனிந்து பார்த்தோம். கார்புரேட்டரின் அடிப்புறத்தில் ஒரு சிறு துவாரம். அதில் துணி சோப்பைப் பிசைந்து அப்பியிருந்தது. அதையும் மீறிப் பெட்ரோல் கசிந்துகொண்டிருந்தது. “கார்புரேட்டரே பழுதாகிவிட்டது, பெரியவரே, வேறொன்று கிடைத்தால் மாற்றிப் பாருங்கள், கிடைக்காவிட்டால் கொடுத்துவிட வேண்டியதுதான்” என்று சொல்லிவிட்டோம். அவ்வாறு சொன்னதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. கல்லூரியில் பௌதிகம் பயின்றவர்கள் நாம்; மிதக்கும் பொருள்களின் விதியைப் பரீட்சையில் பிழையின்றி எழுதியிருக்கிறோம். அந்த விதியே நம் கண்முன் ஒழுகிக்கொண்டிருந்தபோது நமக்கு அது புலப்படவில்லை.

பக்கத்து ஊரில் பம்பு செட்டு பழுது பார்க்கும் இளைஞர் ஒருவரை உறுப்பினர் வரவழைத்தார். அவர் ஒரு மணி நேரத்தில் அந்த ஒழுக்கை நிறுத்திவிட்டார். அன்று அவர் செய்து காட்டியதையும், பின்னர் பட்டறைகளில் விசாரித்து நாம் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறோம்.

இக்காலத்து டிராக்டர்கள் பெரும்பாலும் டீசலில் ஓடுபவை. அவற்றில் கார்புரேட்டர் கிடையாது. ஆயினும் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ ஓடும் பழைய டிராக்டர்கள், இறைப்பு இஞ்சின்கள், களை எடுக்கும் சிறு யந்திரங்கள், ஊராட்சி அலுவலகத்து ஜெனரேட்டர் ஆகிய எல்லாவற்றிலும் அது உண்டு. அவற்றுள் பெரும்பாலானவற்றில் மிதவையும் ஊசியும் இதே முறையில்தான் வேலை செய்கின்றன.

நெருப்பை முதலில் விலக்குக

பெட்ரோல் ஒழுகும் யந்திரத்தண்டை செல்லுமுன் பீடியை அணைக்கவேண்டும் என்று எழுதுவது நகைப்புக்கிடமாகத் தோன்றலாம். பெரியவரின் களத்தில் நாம் நின்றபோதே ஒருவர் பற்றவைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார் என்பதால் எழுதுகிறோம். பெட்ரோல் பூஜ்யத்துக்குக் கீழ் 40 பாகை செல்சியஸ் அளவிலுள்ள குளிரிலும் தீப்பற்றத்தக்க ஆவியை வெளியிடும். மண்ணெண்ணெய்க்கு 35 முதல் 40 பாகை வரை வெப்பம் வேண்டும்; நமது சித்திரை வெயிலில் அதுவும் எட்டிவிடக் கூடியதே. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேலே எழும்பிப் போய்விடாமல் தரையோடு தரையாகப் பரவும். பள்ளமான இடத்தில் தங்கும். பத்தடி தள்ளியிருக்கும் அடுப்பைத் தேடிச் சென்று பற்றிக்கொண்டு திரும்பி வரும்.

ஆகவே வண்டியைக் கொட்டகையிலிருந்து வெட்டவெளிக்குத் தள்ளிக் கொண்டுவருதல் வேண்டும். வைக்கோற்போர் அருகில் இருத்தலாகாது. பாட்டரியின் ஒரு கம்பியைக் கழற்றிவிட வேண்டும். ஸ்பானர் தவறிப் பட்டு ஒரு பொறி பறந்தாலும் போதும். இருட்டியபின் வேலை செய்ய நேர்ந்தால் டார்ச்சு விளக்கு மாத்திரமே கூடும். ஒரு வாளி உலர்ந்த மணலும், நனைத்த சாக்கு ஒன்றும் அருகில் இருக்கட்டும். பெட்ரோல் தீயின்மேல் தண்ணீரை ஊற்றினால், தீ தண்ணீரின்மேல் மிதந்து பரவுமேயன்றி அணையாது.

கார்புரேட்டரினுள் நடப்பது

பெட்ரோலைக் காற்றுடன் தக்க அளவில் கலந்து இஞ்சினுக்குக் கொடுப்பதே கார்புரேட்டரின் வேலை. அதன் ஒருபுறம் ஒரு சிறு கிண்ணம் இருக்கிறது. டாங்கியிலிருந்து இறங்கும் பெட்ரோல் முதலில் இக்கிண்ணத்தில் வந்து நிற்கும். கிண்ணத்தினுள் பித்தளைத் தகட்டால் செய்த, உள்ளே வெறுமையான மிதவை ஒன்று உண்டு. பட்டறைக்காரர் இதனைப் புளோட் என்பர். பெட்ரோல் ஏற ஏற மிதவையும் ஏறும். ஏறிய மிதவை, கூர்மையான முனையுடைய ஊசி ஒன்றை மேலே தள்ளி, பெட்ரோல் வரும் துளையை அடைக்கும். இஞ்சின் பெட்ரோலைக் குடித்து மட்டம் தாழ்ந்தால், மிதவை இறங்கும், ஊசி விலகும், மீண்டும் பெட்ரோல் வரும். வீட்டு மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியில், நீர் நிரம்பியதும் குழாயைத் தானே அடைக்கும் பந்து வால்வைப் பார்த்திருப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

பழைய டிராக்டர்களில் பெட்ரோலை இறைத்துத் தரும் பம்பு பெரும்பாலும் இல்லை. டாங்கி மேலே இருக்கிறது, கார்புரேட்டர் கீழே இருக்கிறது. பெட்ரோல் தன் கனத்தாலேயே இறங்கி வருகிறது. வண்டி நின்றுவிட்டாலும் இந்தக் கனம் நிற்பதில்லை. இரவு முழுவதும் டாங்கியிலுள்ள பெட்ரோலின் அழுத்தத்தைத் தாங்கி நிற்பது அரிசி மணியளவு முனையுடைய அந்த ஊசி ஒன்றே. அது சற்றே தவறினாலும், பெட்ரோல் கிண்ணத்தை நிரப்பி வழியத் தொடங்கும். டாங்கி நிறைந்திருக்கும்போது அதிகமாக ஒழுகி, பாதி குறைந்தபின் தானே நின்றுவிடுகிறது என்று யாரேனும் சொன்னால், ஊசி முழுதும் கெடவில்லை, அரைகுறையாக அடைக்கிறது என்று அறியலாம். அழுத்தம் பெட்ரோலின் உயரத்தைப் பொறுத்ததாகும்.

பெர்குசன் போன்ற வண்டிகளில் கார்புரேட்டர் இஞ்சினின் காற்றுவழிக்குக் கீழே பொருத்தப்பட்டு, கலவையைக் கீழிருந்து மேலே அனுப்புகிறது. வழிந்த பெட்ரோல் மேலே ஏறி இஞ்சினுக்குள் போக முடியாது. கீழே காற்றுக் குழாயில் இறங்கும். அங்கே தங்காமல் வெளியேறிவிடவே, அடிப்புறத்தில் ஒரு சிறு துவாரம் வைத்திருக்கிறார்கள். ஆகவே அத்துவாரத்திலிருந்து பெட்ரோல் சொட்டுவது துவாரத்தின் குற்றமன்று. துவாரம் தன் கடமையைச் செய்கிறது. குற்றம் மேலே, ஊசியிடத்தில் இருக்கிறது.

இதனை அறியாமல் அத்துவாரத்தை அடைப்பவர்கள் பலர். பெரியவரும் அவ்வாறே அடைத்து வைத்திருந்தார். அதற்கு முந்திய அறுவடையின்போது நடந்ததை, நாம் வற்புறுத்திக் கேட்டபின்னரே கூறினார். வெளியேற வழியின்றிக் காற்றுக் குழாயில் பெட்ரோல் தேங்கியிருந்தது. வைக்கோல் வண்டியைப் பின்னால் பூட்டிக்கொண்டு இஞ்சினைக் கிளப்பியபோது, அது எதிர்வெடி வெடித்தது. பழைய இஞ்சின்களில் தீப்பொறி விழும் நேரம் சற்று மாறியிருந்தால், சுவாலை கார்புரேட்டர் வழியாகத் திரும்பி வருவது சகஜம். வெறும் குழாயாக இருந்தால் ஒரு சத்தத்தோடு போயிருக்கும். குழாயில் பெட்ரோல் நின்றதால் குப்பென்று பற்றிக்கொண்டது. பேரன் வைக்கோலின்மேல் உட்கார்ந்திருந்தான். பெரியவரின் மருமகள் அவனைக் காலைப் பிடித்து இழுத்தாளாம். பெரியவர் களத்து மண்ணைக் கையால் வாரிவாரி இறைத்து அணைத்தாராம். இஞ்சின் மூடியின் ஒரு பக்கத்தில் வர்ணம் உரிந்து கருகியிருந்ததை நாம் முன்னரே பார்த்தோம். பழமையினால் என்று எண்ணியிருந்தோம். அதற்குப் பிறகும் சோப்பை எடுக்கவில்லை என்பதுதான் நமக்கு வியப்பு. “அடைக்காவிட்டால் பெட்ரோல் போகிறதே, ஐயா” என்றார்.

ஒழுகுமிடத்தைக் காணுதல்

எல்லா ஒழுக்கும் ஊசியினால் வருவதன்று. பெட்ரோல் மேலே ஓரிடத்தில் கசிந்து, உடல் முழுவதும் வழிந்து, மிகத் தாழ்ந்த இடத்தில் சொட்டும். சொட்டுமிடத்தைப் பார்த்து நோயைத் தீர்மானிப்பது, கூரையில் ஒழுகும் தண்ணீருக்குத் தரையை மெழுகுவது போன்றதாகும்.

அந்த இளைஞர் முதலில் ஸ்பானரைக் கையில் எடுக்கவே இல்லை. காக் எனப்படும் டாங்கியடி அடைப்பானை மூடினார். கார்புரேட்டர் முழுவதையும் ஒரு பழைய பல் துலக்கும் பிரஷாலும் சிறிது மண்ணெண்ணெயாலும் கழுவி, துணியால் துடைத்து, வெயிலில் காயவிட்டார். பின்பு ஒவ்வொரு மூட்டின்மேலும் சுண்ணாம்புத் தூளை இலேசாகத் தூவினார். காக்கைத் திறந்துவிட்டு, பீடி குடிக்க வெகுதூரம் போய்விட்டார். திரும்பி வந்தபோது எந்த இடத்தில் தூள் முதலில் நனைந்து நிறம் மாறியதோ அதுவே ஒழுகுமிடம். இவ்வளவு எளிய சோதனையை நாம் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

காக்கின் தண்டில் நனைந்தால், அதனுள்ளிருக்கும் தக்கையோ ரப்பர் வளையமோ சுருங்கியிருக்கிறது. பெட்ரோல் குழாய் கார்புரேட்டரில் சேரும் மூட்டில் நனைந்தால், அங்குள்ள நார் வாஷரை மாற்றவேண்டும். பழையதைத் திருப்பிப் போட்டு இறுக்குவதால் இரண்டு நாளைக்கு மேல் நிற்பதில்லை. கிண்ணத்தின் அடியிலுள்ள திருகாணியும் அவ்வாறே. கிண்ணமும் மூடியும் சேருமிடத்தில் சுற்றிலும் ஈரமாயிருந்தால் அது கேஸ்கட்டின் வேலை. இங்கே பெரும்பாலோர் திருகாணிகளை இன்னும் பலமாக இறுக்குகிறார்கள். மெல்லிய வார்ப்பு மூடி ஓரங்களில் வளைந்து, நடுவில் இடைவெளி விட்டுவிடும். இறுக்க இறுக்க ஒழுக்கு அதிகமாகும். மூடியைக் கழற்றிக் கண்ணாடிப் பலகையின்மேல் வைத்துப் பார்த்தால் வளைவு தெரியும். கண்ணாடியின்மேல் நேர்த்தியான உப்புத்தாளை விரித்து, மூடியை வட்டமாகத் தேய்த்துச் சமன் செய்யலாம். கேஸ்கட்டுத் தாளை வெட்டும்போது, மூடியிலுள்ள காற்றுத் துளைகளை மறைத்துவிடக் கூடாது. கிண்ணத்துக்குக் காற்று போகாவிட்டால் பெட்ரோல் மட்டம் தாறுமாறாகும். பசை தடவவே வேண்டாம். அதன் துணுக்குகள் நுண்துளைகளில் போய் அடைத்துக்கொள்ளும்.

த்ராட்டில் தண்டு நுழையும் இடம் தேய்ந்திருந்தால் அங்கும் ஈரம் காணும். இதனால் பெட்ரோல் நஷ்டம் சொற்பமே. ஆனால் அதன் வழியே புழுதிக் காற்று வடிகட்டியைத் தாண்டி இஞ்சினுக்குள் போகும். இதற்குக் கடைசல் பட்டறையில் புஷ் போட்டுக்கொள்ளவேண்டும்.

மேலே கண்ட இடங்கள் எல்லாம் உலர்ந்திருக்க, அடித் துவாரம் மாத்திரம் சொட்டுமானால் ஊசியைச் சந்தேகிக்கலாம். ஒரு விலக்கு உண்டு. சோக்கை இழுத்துக் கிளப்பி உடனே நிறுத்திய இஞ்சினிலிருந்து சில துளிகள் விழுவது இயல்பே. மேலே ஏறிய பெட்ரோல் திரும்பி இறங்குகிறது. சில நிமிடங்களில் அது நின்றுவிடும். நிற்காவிட்டால் ஒரு பாட்டிலை அடியில் வைத்து அளந்து பாருங்கள். நிமிடத்துக்கு ஒரு மில்லி என்பது கண்ணுக்கு அற்பமாகத் தோன்றும். பத்து மணி நேர இரவில் அது 600 மில்லி ஆகிறது.

ஊசியும் இருக்கையும்

பெரியவரின் வண்டியில் மூடியைத் திறந்தபோது, ஊசி அமரும் துளையில் கடுகில் பாதியளவு துருச் செதில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் பெட்ரோலை மண்ணுக்கு வார்த்ததும், வைக்கோலில் தீ வைக்கப் பார்த்ததும் அதுவே. இளைஞர் அதனைத் தம் விரல் நுனியில் எடுத்துக் காட்டினார். பெரியவர் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

சில வேளைகளில், வெளியே கழற்றாமலே இக்குப்பை போய்விடுவதும் உண்டு. திருப்புளியின் மரக் கைப்பிடியால் கிண்ணத்தை இரண்டு மூன்று தட்டுத் தட்டினால், மிதவை அசைந்து ஊசி சரியாக அமரும். இது அவசரத்துக்கு மாத்திரம். அடுத்த துரு பின்னாலேயே வந்துகொண்டிருக்கும்.

ஊசியைக் கையிலெடுத்து வெளிச்சத்தில் சுழற்றிப் பார்க்கவேண்டும். முனையைச் சுற்றி வளையம்போல் ஒரு தேய்வுக் கோடு தெரிந்தால் அந்த ஊசி பயன்படாது. ஊசியை இருக்கையில் வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிச் சரிசெய்யும் பழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. ஒருவாரம் அது நிற்கும். பிறகு இருக்கையும் கெட்டு இரண்டும் போகும். ஊசி, இருக்கை இரண்டையும் ஜோடியாகவே மாற்றுவது நலம். பழையதைக் கடைக்கு எடுத்துச் சென்று, மரையையும் நீளத்தையும் துளையின் அளவையும் ஒப்பிட்டு வாங்கவேண்டும். துளை சற்றுப் பெரிதானால் என்ன என்று எண்ணுதல் தவறு. ஊசியைத் தள்ளித் திறக்கும் விசை துளையின் பரப்பைப் பொறுத்தது. விட்டம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். அதனை அடக்கும் வலிமை பழைய மிதவைக்கு இராது.

இருக்கையின் அடியில் ஒரு மெல்லிய வாஷர் உண்டு. கழற்றுகையில் அது விழுந்து காணாமற்போவது வழக்கம். அது இல்லாவிட்டால் பெட்ரோல் மரைவழியே கசிவதோடு, இருக்கை உயர்ந்து, கிண்ணத்தின் மட்டமும் உயர்ந்துவிடும்.

எல்லாம் பொருத்தியபின், மிதவை மூடியில் தொங்கும் வகையாயிருப்பின், மூடியைத் தலைகீழாகப் பிடிக்கவேண்டும். மிதவையின் கனம் ஊசியை அழுத்தும். பெட்ரோல் வரும் துளையில் சுத்தமான ரப்பர்க் குழாய் ஒன்றைச் செருகி, வாயால் மெதுவாக ஊதினால் காற்றுப் போகக்கூடாது. போனால் வேலை முடியவில்லை என்று பொருள்.

மிதவை

ஊசி நன்றாயிருந்தும் ஒழுகினால் மிதவையைப் பார்க்கவேண்டும். காதருகில் வைத்துக் குலுக்கினால், உள்ளே பெட்ரோல் புகுந்திருப்பின் சளசளவென்று கேட்கும். ஓட்டையைக் காண, ஒரு பாத்திரத்தில் கொதித்த நீரை ஊற்றி, அடுப்பிலிருந்து தூரமாக எடுத்து வந்து, மிதவையை அதில் அமிழ்த்திப் பிடித்தால், ஓட்டை வழியே குமிழிகள் வரும். அவ்விடத்தை ஆணியால் கீறி அடையாளம் செய்துகொள்க. உள்ளிருக்கும் பெட்ரோல் முழுவதும் ஆவியாகி வெளியேறும்வரை வெந்நீரிலேயே திரும்பத் திரும்ப அமிழ்த்தவேண்டும். பெட்ரோல் உள்ளே இருக்கும்போது பற்றாசு வைக்கப் போனால், மிதவை கையிலேயே வெடிக்கும். தீச்சுவாலையைக் காட்டாமல், காய்ச்சிய பற்றிரும்பால் ஒரு புள்ளியளவு ஈயம் வைப்பது போதும். ஈயம் அதிகமானால் மிதவை கனத்து, தாழ்ந்து மிதக்கும். பெட்ரோல் மட்டம் ஏறிப் பழையபடி வழியும். ஒழுக்கை அடைத்தோம், இருந்தும் ஒழுகுகிறது என்று குறைகூறுவோர் இதனைக் கவனிக்க.

மிதவையின் மட்டத்தைத் திருத்த, ஊசியைத் தொடும் சிறு நாக்கை மாத்திரம் மெல்ல வளைக்கவேண்டும். மிதவையையே பிடித்து அழுத்தி வளைத்தால் ஊசிமுனை நசுங்கும். எவ்வளவு உயரம் என்பது கார்புரேட்டருக்குக் கார்புரேட்டர் மாறுவதால், அந்தந்த மாதிரியின் கையேட்டைப் பார்த்தே வைக்கவேண்டும். மிதவை கிண்ணத்தின் சுவரையோ, உள்ளே துருத்திக்கொண்டிருக்கும் கேஸ்கட்டையோ உரசாமல் தாராளமாக ஏறி இறங்குகிறதா என்பதையும் பார்த்துவிடுக.

திறந்தது திறந்தபடியே ஜெட் எனப்படும் நுண்துளைத் திருகாணிகளையும் சுத்தம் செய்வார்கள். கம்பியை விட்டுக் குடைதல் கூடாது. பித்தளை மென்மையானது, துளை ஒரு மயிரிழை பெருத்தாலும் அந்த இஞ்சின் அன்று முதல் அதிகமாகக் குடிக்கும். சைக்கிள் பம்பினால் ஊதுவதே போதுமானது.

துரு வந்த வழி

ஊசியில் அகப்பட்ட செதில் வானத்திலிருந்து விழுந்ததன்று. மழைக்காலம் முழுவதும் வண்டி கால் டாங்கிப் பெட்ரோலோடு நின்றிருக்கிறது. வெறுமையான முக்கால் பாகத்தில் பகல் வெப்பத்திலும் இரவுக் குளிரிலும் காற்றின் ஈரம் வியர்த்துத் துளியாகித் தகட்டைத் துருப்பிடிக்கச் செய்தது. காக்கின் கீழே வண்டல் தங்குவதற்காக ஒரு கண்ணாடிக் கிண்ணமும் வலையும் உண்டு. பெரியவரின் வண்டியில் கிண்ணம் இருந்தது, வலை இல்லை. அது கிழிந்து பல வருஷமாயிற்றாம்.

டாங்கியைக் கழற்றி, சிறிது மண்ணெண்ணெயோடு இரண்டு கைப்பிடி சுத்தமான சிறு கூழாங்கற்களைப் போட்டு நன்றாகக் குலுக்கி ஊற்றினால் துரு வந்துவிடும். தெளிவாக வரும்வரை அலசவேண்டும். டாங்கியில் ஓட்டை இருந்தால், காலியான டாங்கிதானே என்று வெல்டிங் பட்டறைக்கு நேரே கொண்டுபோகலாகாது. பெட்ரோல் நிறைந்த டாங்கியைவிட ஆவி நிறைந்த காலி டாங்கியே பெரிதும் வெடிக்கக் கூடியது.

பெட்ரோலின் தன்மையும் முன்போல் இல்லை. 2022இல் 10 சதவீதமும், 2025இல் 20 சதவீதமும் எத்தனால் கலப்பு நம் நாட்டில் எட்டப்பட்டது. எத்தனால் ஒருவகைச் சாராயம், தண்ணீரை ஈர்த்துக்கொள்ளும். மிகுதியாக ஈர்த்தால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். காக் இருப்பதும் அடியில்தான். எழுபது வருஷத்துக்கு முந்திய தக்கையும் ரப்பரும் இதனைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவையல்ல. சில பழைய கார்புரேட்டர்களில் மிதவையே தக்கையால் ஆகி, அதன்மேல் அரக்கு பூசியிருக்கும். அரக்கு சாராயத்தில் கரையும். தக்கை பெட்ரோலை உறிஞ்சி அமிழும். ஆகவே பழைய வண்டியில் வாஷர், வளையம், குழாய் எதை மாற்றினாலும் எத்தனாலைத் தாங்கும் சரக்கு என்று கேட்டு வாங்குதல் அவசியம். மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் யந்திரத்தில், காக்கை மூடிவிட்டு, இஞ்சின் தானே நிற்கும்வரை ஓடவிட்டுக் கிண்ணத்தைக் காலி செய்துவிட வேண்டும். தேங்கிய பெட்ரோல் பிசின்போல் இறுகி ஊசியைப் பிடித்துக்கொள்ளும்.

இஞ்சின் எண்ணெயையும் பார்க்க

கார்புரேட்டர் இஞ்சினுக்குப் பக்கவாட்டிலோ மேலேயோ அமைந்த யந்திரங்களில், வழியும் பெட்ரோல் வெளியே சொட்டாமல் சிலிண்டருக்குள் இறங்கவும் கூடும். தரையில் ஈரம் இல்லை, டாங்கி மட்டும் குறைகிறது என்றால் இதனைச் சந்தேகிக்க வேண்டும். அளவுக் கம்பியை உருவிப் பார்த்தால் எண்ணெய் மட்டம் ஏறியிருக்கும். முகர்ந்தால் பெட்ரோல் வாசனை வீசும். எண்ணெய் வற்றாமல் இருக்கிறதே என்று சந்தோஷப்பட்ட விவசாயி ஒருவரை நாம் அறிவோம். நீர்த்துப்போன எண்ணெயோடு ஓட்டினால் பேரிங்குகள் சில மணி நேரத்திலேயே தேய்ந்துவிடும். எண்ணெய் முழுவதையும் மாற்றாமல் அதனைக் கிளப்பவே கூடாது. பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் இஞ்சின்களில், சூடேறுமுன் மண்ணெண்ணெய்க்கு மாற்றினால் ஒழுக்கு இல்லாமலே இதே கேடு விளையும்.

பெரியவரின் வண்டிக்குப் புதிய ஊசியும் இருக்கையும் வரவழைக்கப் பத்து நாள் ஆயிற்று. வலைக்குப் பதிலாகப் பித்தளைச் சல்லடைத் துண்டு ஒன்றை இளைஞர் வட்டமாக வெட்டி வைத்தார். சோப்பு முழுவதும் சுரண்டி எடுக்கப்பட்டது. காக்கைத் திறந்தபடியே விட்டு, அடியில் ஒரு செய்தித்தாளை விரித்து, ஓர் இரவு வைத்துப் பார்த்தார்கள். காலையில் தாள் உலர்ந்திருந்ததாகவும், காயலான் கடைக்காரரின் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகவும் உறுப்பினர் தொலைபேசியில் தெரிவித்தார். சோதனைக்காக அன்று ஓர் இரவு மாத்திரமே காக் திறந்திருக்கலாம். மற்ற நாள்களில் வண்டியை நிறுத்தியவுடன் அதனை மூடிவிட வேண்டும் என்று நாம் அவரிடம் கண்டிப்பாகச் சொன்னோம்.

சொல்லிவிட்டு, நமது அலுவலகத்துப் பின்னறைக்குச் சென்று பார்த்தோம். மின்சாரம் நிற்கும்போது ஓட்டும் சிறு பெட்ரோல் ஜெனரேட்டர் அங்கேதான், பழைய பதிவேடுகள் அடுக்கிய அலமாரிக்கு இரண்டடி தள்ளி இருக்கிறது. அதன் காக் திறந்தே இருந்தது.